ஆங்கில வசைச்சொற்களை எடைபோடுவது எப்படி: பள்ளியில் ஆங்கிலம் கற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாய்மொழியில் ஒரு கெட்ட வார்த்தை காதில் விழுந்தால், அதன் பொருளை யோசிப்பதற்கு முன்பே உடல் பதில் சொல்லிவிடுகிறது. முகம் சுளிக்கிறது, காது சூடாகிறது, அருகில் பெற்றோர் இருந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போகிறது. அதே பொருள் கொண்ட ஆங்கிலச் சொல்லை ஒரு திரைப்படத்தில் திரும்பத் திரும்பக் கேட்டாலும் நம்மில் பலருக்கு இப்படி எதுவும் நேர்வதில்லை. பள்ளிப் பாடமாக ஆங்கிலத்தைக் கற்று, பின்பு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திலோ நாள் முழுவதும் அந்த மொழியிலேயே புழங்க வேண்டியவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல. ஒரு சொல் எதிரில் இருப்பவரை எவ்வளவு வருத்தும் என்பதை நம் காது நமக்குச் சொல்லாதபோது, அதை வேறு எதைக் கொண்டு அறிவது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். மிதமான சொற்களை வெளிப்படையாகவே எழுதுகிறேன். மிகக் கடுமையான சிலவற்றை முதலெழுத்தால் மட்டும் குறிக்கிறேன்.

முதலில் உங்கள் காதை நம்பாதீர்கள்

2003ஆம் ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, இரு மொழிகளிலும் வசைச்சொற்களையும் சாதாரணச் சொற்களையும் கேட்கச் செய்தார்கள். உணர்ச்சி எழும்போது தோலில் வியர்வை அரும்பி மின்கடத்தும் திறன் கூடும். அதைக் கருவி அளந்துவிடும். துருக்கிச் சொற்களுக்கு உடல் கூடுதலாகத் துடித்தது. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் அதட்டும் தொடர்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 'எருமை மாடு', 'உருப்படவே மாட்டாய்' என்று வீட்டில் ஏச்சு வாங்கி வளர்ந்த எவருக்கும் இதற்கான காரணம் எளிதில் விளங்கும். அந்தச் சொற்களோடு ஒரு குரலும் ஒரு முகமும் சேர்ந்தே நம் நினைவில் பதிந்திருக்கின்றன. ஆங்கிலச் சொற்கள் நமக்கு அகராதியிலிருந்தும் திரையிலிருந்தும் வந்தவை. அவற்றைச் சொன்னதற்காக யாரும் நம் வாயில் அடித்ததில்லை.

லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ழான்-மார்க் டெவேல் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்கள் தந்த பதில்களும் இதையே காட்டின: வசைச்சொல்லின் வலிமை முதல் மொழியில்தான் மிகுதியாக உணரப்படுகிறது. ஆனால் அவருடைய 2016ஆம் ஆண்டு ஆய்வுதான் நமக்கு நேரடியாகப் பயன்படுவது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 1,159 பேரிடமும், பின்னர் கற்ற 1,165 பேரிடமும் 30 ஆங்கிலச் சொற்களையும் தொடர்களையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு புண்படுத்தும் என்று கேட்டார். பின்னர் கற்றவர்கள் பெரும்பாலான சொற்களை உள்ளதைவிடக் கடுமையானவையாக மதிப்பிட்டார்கள். பட்டியலில் மிகக் கடுமையான சொல்லுக்கு மட்டும் அந்தப் போக்கு பொருந்தவில்லை. சொற்களின் சரியான பொருள் குறித்தும் அவர்களுக்கு உறுதி குறைவாக இருந்தது.

இந்த முடிவை நம் நாட்டுச் சூழலில் வைத்துப் பார்த்தால் உண்மை உறைக்கும். பள்ளியில் 'ஷிட்' என்று சொன்னதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவர், வளர்ந்த பிறகும் 'டேம்', 'ஹெல்', 'க்ராப்' போன்ற சொற்களைக் கேட்டால் திடுக்கிடுகிறார். அவரே தன் கைபேசிக் குழுவில் 'டபிள்யூ-டி-எஃப்' என்ற மூன்றெழுத்தைக் கூச்சமின்றி அனுப்புகிறார். அதன் கடைசி எழுத்து எந்தச் சொல்லுக்கு நிற்கிறது என்பது அவர் மனத்தில் உறைப்பதில்லை. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவதும் அஞ்ச வேண்டியதைக் கவனிக்காமல் விடுவதுமாக, இரு பிழைகளும் ஒருவரிடமே குடியிருக்கின்றன.

கடுமையின் படிநிலையைப் பட்டியலிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்

காது உதவாதபோது வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். நல்வாய்ப்பாக அப்படியொன்று பொதுவில் கிடைக்கிறது. பிரிட்டனின் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், எந்தச் சொல்லை மக்கள் எவ்வளவு கடுமையாகக் கருதுகிறார்கள் என்று பொதுமக்களிடமே கேட்டு, சொற்களைத் தரம் பிரித்து அவ்வப்போது அறிக்கை வெளியிடுகிறது. 2016 அறிக்கை அவற்றை மிதமானவை, நடுத்தரமானவை, கடுமையானவை, மிகக் கடுமையானவை என நான்காகப் பிரித்தது. 'டேம்', 'க்ராப்', 'ப்ளடி' ஆகியவை மிதமானவற்றில் இருந்தன. 'ஷிட்', 'புல்ஷிட்', 'பிச்' ஆகியவை நடுத்தரத்தில் இருந்தன. 'பாஸ்டர்ட்' கடுமையானவற்றில் இருந்தது. எஃப் எழுத்துச் சொல்லும் சி எழுத்துச் சொல்லும் உச்சியில் இருந்தன. அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன்பு மிகக் கடுமையான சொற்கள் வரக்கூடாது என்பது விதி. ஆகவே பகல் நேர நிகழ்ச்சி ஒன்றில் ஒரு சொல் தடையின்றி வருகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனையாக அமையும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் மனத்தில் கொடுத்திருந்த இடத்தை அதன் உண்மையான இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே விலகல் அதிகமோ அங்கேதான் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

அமெரிக்கத் திரைப்படத் தரச்சான்றிலும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. 13 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளின் பெற்றோரை எச்சரிக்கும், 1984இல் தொடங்கிய பிஜி-13 தரத்தில் எஃப் எழுத்துச் சொல் பொதுவாக ஒருமுறை வரலாம், அதுவும் வெறும் ஆத்திரச் சொல்லாக மட்டுமே. பாலுறவுப் பொருளில் வந்தால் படம் அடுத்த கடுமையான தரத்துக்குப் போய்விடும். ஒரே சொல்லாக இருந்தாலும் அது எதற்குப் பயன்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் எடை மாறுகிறது என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

திரைப்படத்தில் கேட்பதை வைத்து அன்றாடப் பேச்சின் அளவை ஊகிக்க வேண்டாம். பதிவு செய்யப்பட்ட இயல்பான உரையாடல்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் திமதி ஜே, வசைச்சொற்களின் பங்கு பேசப்படும் சொற்களில் ஏறத்தாழ 0.5 முதல் 0.7 விழுக்காடுதான் என்று எழுதியிருக்கிறார். குற்றவுலகப் படம் ஒன்றில் கேட்கும் அளவுக்கு ஒரு சாதாரண அமெரிக்கர் அன்றாடம் வசைச்சொல் பேசுவதில்லை.

சொல் எதை நோக்கி வீசப்படுகிறது என்று பாருங்கள்

எடையை அறிவதில் பட்டியலைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சொல் நிலைமையை நோக்கி வருகிறதா, ஒரு பண்பை அழுத்துவதற்காக வருகிறதா, அல்லது எதிரில் நிற்கும் ஆளை நோக்கி வருகிறதா? கணினி உறைந்துபோகும்போது ஒருவர் தனக்குத்தானே எஃப் எழுத்துச் சொல்லை முணுமுணுப்பது முதல் வகை. 'அது ப்ளடி குட்' என்று தேநீரைப் புகழ்வது இரண்டாவது வகை. 'யூ' என்று தொடங்கி உங்களை நோக்கி வருவது மூன்றாவது வகை. முதல் இரண்டும் பெரும்பாலும் எவரையும் காயப்படுத்த வந்தவை அல்ல. உடன் பணியாற்றுபவர் உங்கள் முன்னால் அப்படிப் பேசினால், உங்களைத் தம் வட்டத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றும் பொருள் கொள்ளலாம். அதைக் கேட்டு முகத்தை இறுக்கிக்கொண்டு விலகிப்போகிறவர் காரணமின்றித் தனிமைப்படுகிறார்.

மூன்றாவது வகையிலும் விதிவிலக்கு உண்டு. தமிழர் தடுமாறும் இடம் இதுதான். மெல்போர்ன் அலுவலகத்தில் ஒருவருக்கு எதிர்பாராமல் இரண்டு வாரம் விடுப்பு கிடைத்துவிட்டது. மேலாளர் அவர் தோளில் தட்டி, 'யூ லக்கி பாஸ்டர்ட்' என்கிறார். ஆஸ்திரேலியச் செவிக்கு அது 'கொடுத்து வைத்தவனய்யா நீ' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லின் அகராதிப் பொருளை அறிந்த தமிழருக்கோ அது தன் பிறப்பையும் தன் தாயையும் பற்றிய சொல். தமிழில் தாயைத் தொட்டுப் பேசும் எந்தச் சொல்லையும் விளையாட்டாகக் கொள்ளும் வழக்கம், மிக நெருங்கிய கூட்டாளிகளைத் தவிர, வேறெங்கும் இல்லை. ஆகவே அவர் முகம் மாறுகிறது. மேலாளருக்கோ என்ன நடந்தது என்றே புரிவதில்லை.

இந்த இடத்தில் மூன்று அடையாளங்களைப் பாருங்கள். முன்னால் வரும் அடைமொழி பரிவோ பாராட்டோ சொல்கிறதா? 'லக்கி', 'புவர்', 'க்ளெவர்' ஆகியவை வந்தால் பெரும்பாலும் அன்புதான். குரல் இறுதியில் தணிந்து சிரிப்போடு முடிகிறதா? சுற்றியிருப்பவர்கள் இயல்பாக இருக்கிறார்களா, அல்லது அறை சட்டென்று அமைதியாகிவிட்டதா? கடைசி அடையாளத்தைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். அந்த மொழியில் பிறந்தவர்களின் முகம், நம் காது தராத செய்தியைத் தந்துவிடும்.

'பிச்' என்ற சொல்லில் இதற்கு நேர்மாறான ஆபத்து இருக்கிறது. தமிழில் 'நாயே' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான, தெருவில் சாதாரணமாகக் கேட்கும் ஏச்சு. அந்தப் பழக்கத்தில், பெண் நாய் என்ற அகராதிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, கல்லூரிப் பேச்சில் தோழியைப் பற்றிக்கூட இந்த ஆங்கிலச் சொல்லை இயல்பாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது விலங்கைப் பற்றியது அல்ல. பெண்ணைப் பெண் என்பதற்காகவே தாழ்த்தும் சொல். அலுவலகத்தில் ஒரு பெண் மேலதிகாரியைப் பற்றி ஓர் ஆண் இதைச் சொன்னால், கேட்பவர் அதை எரிச்சலாகக் கொள்ள மாட்டார். பாலினப் பாகுபாடாகவே கொள்வார்.

எந்த நிலையிலும் வாயில் வரக்கூடாத சொற்கள்

உடற்கழிவு, பாலுறவு, கடவுள் ஆகியவற்றைச் சார்ந்த வசைகள் ஒரு புறம் இருக்க, ஒரு மக்கள் கூட்டத்தை இழிவுபடுத்தும் சொற்கள் முற்றிலும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. கறுப்பினத்தவரைக் குறிக்கும் என் எழுத்துச் சொல், பாகிஸ்தானியரையும் தெற்காசியர் அனைவரையும் பிரிட்டனில் இழிவாகக் குறிக்கும் 'பாக்கி', ஓரினச் சேர்க்கையாளரைக் குறிக்கும் எஃப் எழுத்தில் தொடங்கும் மற்றொரு சொல் ஆகியவை இதில் அடங்கும். இளைஞர்கள் ராப் பாடல்களில் என் எழுத்துச் சொல்லைக் கேட்டுப் பழகி, நட்பின் சொல்லாக எண்ணிப் பயன்படுத்துவதைக் காண்கிறோம். கறுப்பினக் கலைஞர்கள் தம்முள் அதைப் புழங்குவதால் வெளியார் எவருக்கும் அந்த உரிமை வந்துவிடாது. பாடலோடு சேர்ந்து பாடும்போதும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

இதன் எடை நமக்கு உறைக்கவில்லை என்றால், தமிழ்நாட்டில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் சாதிப் பெயரால் ஏசுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சொற்களின் பின்னால் அடியும் விலக்கலும் நிறைந்த வரலாறு நிற்கிறது. ஆங்கில இனவசைகளின் பின்னாலும் அப்படியே நிற்கிறது. கோபத்தில் வாய் தவறி வரும் 'ஷிட்' மன்னிக்கப்படும்; இது மன்னிக்கப்படாது, மன்னிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல.

ஊர் மாறினால் எடையும் மாறும்

2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை 'வேர் த ப்ளடி ஹெல் ஆர் யூ' என்று கேட்டு உலகை அழைக்கும் விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. பிரிட்டன் தொலைக்காட்சி விளம்பர அனுமதி அமைப்பு முதலில் அதை மறுத்து, பின்னர் எதிர்ப்புக் கிளம்பியதும் அனுமதித்தது. இரண்டும் ஆங்கிலமே பேசும் நாடுகள், ஒன்றின் அரசுத் துறை மற்றொன்றின் சொல்லெல்லையில் தடுக்கி விழுந்திருக்கிறது. அதே 'ப்ளடி' அமெரிக்கருக்கு வசையாகவே படுவதில்லை. பிரிட்டிஷ் வாசனை வீசும் ஒரு சொல், அவ்வளவே.

'பிஸ்ட்' என்றால் பிரிட்டனில் குடித்திருக்கிறார், அமெரிக்காவில் கோபமாக இருக்கிறார். 'ஃபேனி' அமெரிக்காவில் பின்புறத்தைக் குறிக்கும், குழந்தைகளிடம்கூடச் சொல்லத்தக்க சொல். பிரிட்டனில் அது பெண்ணுறுப்பு. இடுப்பில் கட்டும் சிறு பைக்கு அமெரிக்கர் வைத்திருக்கும் பெயரை லண்டன் கடையில் கேட்டால் விற்பவர் சங்கடப்படுவார். சி எழுத்துச் சொல்லை ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சில ஆண்கள் நண்பர்களுக்குள் அன்பாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு அமெரிக்காவில் ஒரு பெண்ணிடம் சொன்னால், அந்த மொழியில் சொல்லத்தக்க மிகக் கொடிய ஏச்சைச் சொன்னதாகும். சைகைக்கும் இது பொருந்தும். 1992இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், கான்பெராவில் உள்ளங்கை தன்னை நோக்கியிருக்குமாறு இரு விரல்களை உயர்த்திக் காட்டினார். வெற்றிச் சின்னம் என்று அவர் நினைத்தது, ஆஸ்திரேலியருக்கு நடுவிரலைக் காட்டுவதற்குச் சமமானது.

நமக்கு நேர்த் தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்காக பிரிட்டனில் 1950களின் தொடக்கத்தில் தோன்றிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, 1994இல் தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. பள்ளி மைதானங்களில் குழந்தைகள் அந்த மருத்துவச் சொல்லையே ஏச்சாக மாற்றிவிட்டிருந்தார்கள். அதன் சுருக்கமான 'ஸ்பாஸ்' இன்றும் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தும் கடுஞ்சொல்லாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவிலோ அது தடுமாற்றத்தைக் குறிக்கும் லேசான சொல்லாகப் புழங்கிவந்தது. அதனால்தான் 2022இல் லிஸோ, பியான்ஸே என்ற இரு அமெரிக்கப் பாடகிகள் கண்டனங்களுக்குப் பிறகு தம் பாடல் வரிகளில் அந்தச் சொல்லை நீக்க நேர்ந்தது. சென்னையிலோ ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் தமிழ்நாடு என்ற தொண்டு நிறுவனம் அதே பெயரோடு மதிப்பாகப் பணியாற்றிவருகிறது. இங்கே அந்தச் சொல் ஏச்சாக மாறவே இல்லை. சென்னையில் அந்தத் துறையில் பணியாற்றிய ஒருவர் லண்டனில் வேலைக்கான நேர்காணலில் நோயாளிகளை அந்தச் சொல்லால் குறிப்பிட்டால், அவர் நல்ல மனம் கொண்டவர் என்பது கேட்பவர் காதுக்கு எட்டாமலே போகக்கூடும்.

கடவுள் பெயரைச் சொல்லி வியப்பதும் வெகுள்வதும் ஆஃப்காம் பட்டியலில் மிதமானவைதான். ஆனால் பக்தியுள்ள கிறித்தவர்கள், குறிப்பாக அமெரிக்காவின் தென்மாநிலங்களில், 'ஜீசஸ் க்ரைஸ்ட்' என்ற கூவலை எஃப் எழுத்துச் சொல்லைவிடக் கடுமையாகக் கொள்வதுண்டு. தமிழ்க் கிறித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் அவர்களுக்குத் தாய்மொழியின் செபத்தோடு வந்தது என்பதால், இங்கே அவர்களின் காது சரியாகவே எச்சரிக்கிறது.

நாம் கூடுதல் எடை ஏற்றிவிட்ட சொற்கள்

'ராஸ்கல்', 'இடியட்', 'ஸ்கவுண்ட்ரல்', 'நான்சென்ஸ்' ஆகியவை தமிழ்த் திரைப்படங்களிலும் பழைய அலுவலகங்களிலும் வாழ்ந்து தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டவை. 'ராஸ்கல்' என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது, ஆங்கிலேயத் தாத்தா குறும்புக்காரப் பேரனைக் கொஞ்சும் சொல். 'ஸ்கவுண்ட்ரல்' இன்று நாடக மேடையில்தான் கேட்கும். 'நான்சென்ஸ்' என்பது பேச்சைக் குறிக்கும். அதை ஆளுக்குச் சூட்டுவது நம் வழக்கம். ஆகவே அயல்நாட்டவரிடம் கடுமையைக் காட்ட நினைத்து இவற்றைச் சொன்னால் கடுமை போய்ச்சேராது; அவர்கள் உங்களிடம் இவற்றைச் சொன்னால் நீங்கள் கொதிக்கவும் வேண்டாம். மாறாக, 'ஸ்டுப்பிட்', 'ஷட் அப்' ஆகியவற்றை நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பல அமெரிக்க வீடுகளில் குழந்தைகள் சொல்லக்கூடாதவை என்று விலக்கிவைக்கும் சொற்களில் அவையும் சேரும். உடன் பணியாற்றுபவரின் யோசனையை 'ஸ்டுப்பிட்' என்று சொல்வது வசைச்சொல் எதுவும் இன்றியே உறவைக் கெடுக்கும்.

பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால்

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: எல்லாவற்றையும் புரிந்துகொள்ளுங்கள், மிகச் சிலவற்றை மட்டும் பேசுங்கள். வசைச்சொல் பேசாததால் உங்கள் ஆங்கிலம் குறைபட்டது என்று எவரும் நினைப்பதில்லை. ஆனால் கூடிப் பழகும் இடத்தில் எப்போதும் பாடநூல் நடையிலேயே பேசுவதும் தூரத்தை உண்டாக்கும் என்பதையும், ஒரு சிறு 'டேம்' சில நேரம் அந்தத் தூரத்தைக் குறைக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

அப்படியானால் முதலில் தொடங்குபவர் நீங்களாக இருக்க வேண்டாம். அந்தக் குழுவில் உங்களுக்குச் சமமான பதவியில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சில வாரம் கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு ஒரு படி கீழே நில்லுங்கள். அவர்கள் 'ஷிட்' என்றால் நீங்கள் 'க்ராப்' என்று சொல்லலாம். வாடிக்கையாளர் முன்னிலையிலும், உங்களுக்குக் கீழே பணியாற்றுபவரை நோக்கியும் எதையும் சொல்லாதீர்கள். மேலிருந்து கீழே வரும் வசை எந்த மொழியிலும் அதிகாரத்தின் அடியாகவே விழும். நிலைமையை நோக்கிச் சொல்லுங்கள், ஆளை நோக்கி வேண்டாம். 'டார்ன்', 'ஹெக்', 'ஷூட்' என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் குழந்தைகள் முன்னால் சொல்லும் மென்மையான மாற்றுச் சொற்கள் இருக்கின்றன. சற்றுப் பழைய வாடை அடித்தாலும் அவற்றால் எவருக்கும் தீங்கில்லை.

இலக்கணமும் இதில் உண்டு. எஃப் எழுத்துச் சொல்லை ஒரு நீண்ட சொல்லின் நடுவே செருகும் வழக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். அது எங்கே வேண்டுமானாலும் நுழையாது. அழுத்தம் விழும் அசைக்கு முன்னால்தான் நுழையும். 'அப்ஸொலூட்லி' என்பதில் 'அப்ஸொ' முடிந்து 'லூ' தொடங்கும் இடமே அதற்குரிய இடம். அந்த மொழியில் பிறந்தவர் இதை எவரும் கற்பிக்காமலே செய்கிறார். இடம் தவறினால் கேட்பவர் சிரிப்பார். நீங்கள் சொல்லவந்த ஆத்திரம் அங்கேயே உதிர்ந்துவிடும். அழுத்தமும் ராகமும் சேர்ந்தால்தான் வசைச்சொல் வேலை செய்யும் என்பதால், கற்றுப் பேசுபவர் வாயில் அது பெரும்பாலும் தேவைக்கு மேல் கனமாகவோ பொருந்தாமலோ ஒலிக்கிறது.

எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் எழுத்துக்குக் குரல் இல்லை, அழிவும் இல்லை. அலுவலக உரையாடல் செயலியில், நேற்று ஏற்றிய நிரல் வேலை செய்யவில்லை என்றதும் ஒருவர் 'டபிள்யூ-டி-எஃப், ஹூ டிட் திஸ்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவருக்கு அது வெறும் வியப்பு. நிரலை எழுதிய அமெரிக்கருக்கு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் தன்னை நோக்கி எஃப் எழுத்துச் சொல் வீசப்பட்டிருக்கிறது. 'ஹூ' என்ற சொல் அதை நிலைமையிலிருந்து ஆளின் பக்கம் திருப்பிவிட்டது. அதையே 'நேற்றைய மாற்றத்துக்குப் பிறகு இந்தப் பகுதி ஓடவில்லை, யாராவது பார்க்க முடியுமா' என்ற பொருளில் எழுதினால் அவசரமும் தெரியும், எவரும் புண்படவும் மாட்டார். சுருக்கெழுத்து எதையும் அதன் விரிவு தெரியாமல் அனுப்ப வேண்டாம். நட்சத்திரக் குறியிட்டு மறைத்தாலும் படிப்பவர் மனத்தில் முழுச் சொல்லே ஒலிக்கும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி ஒருவரை இழிசொல்லால் துன்புறுத்துவது குற்றம். பணியிலுள்ள அரசு ஊழியரை ஏசினால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டம், கைபேசிச் செய்தியில் ஒருவரை வசைபாடுவதையும் தண்டிக்கிறது. கோபத்தில் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியால் வேலையையும் விசாவையும் இழக்க நேரிடலாம் என்பதை வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இனம், மதம், பாலினம், உடற்குறை ஆகியவற்றைத் தொட்டுப் பணியிடத்தில் இழிவுபடுத்துவதைத் துன்புறுத்தலாகவே கருதுகிறது. அந்தச் சட்டம் உங்களுக்கும் பாதுகாப்பு.

உங்களை ஏசினால்

செவிலியர்களும் அழைப்பு மையப் பணியாளர்களும் இதை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். ஆங்கில வசை உடனே உறைக்காமல் இருப்பது இங்கே ஒரு சிறு நன்மையும் தருகிறது: பதில் சொல்வதற்கு முன் யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. வலியாலோ பதற்றத்தாலோ நிலைமையை நோக்கி வரும் சொல்லைக் கேட்காததுபோல் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையில், பனிநீரில் கையை வைத்தவர்கள் வசைச்சொல் சொல்லிக்கொண்டிருந்தபோது கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஊசி ஏறும்போது நோயாளி கத்துவது உங்களைப் பற்றியது அல்ல. ஆனால் உங்களை நோக்கியோ உங்கள் இனத்தை நோக்கியோ வந்தால், பதிலுக்கு ஏசாமல், தணிந்த குரலில் 'ஐ வாண்ட் டு ஹெல்ப் யூ, பட் ப்ளீஸ் டோன்ட் ஸ்பீக் டு மீ லைக் தட்' என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். தொடர்ந்தால் விலகி வந்து, சொன்ன சொல்லை அப்படியே, நேரத்தோடு எழுதிவைத்து மேலதிகாரியிடம் கொடுங்கள். 'கெட்ட வார்த்தை பேசினார்' என்று பொதுவாக எழுதினால் புகார் வலுவிழக்கும். எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும் முழுமையாக எழுதுங்கள்.

நீங்கள் சொன்ன சொல் ஒருவரைப் புண்படுத்திவிட்டது என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தால், 'எங்கள் ஊரில் இது சாதாரணம்' என்று விளக்கத் தொடங்காதீர்கள். 'ஐ ஆம் சாரி, ஐ டிட் நாட் ரியலைஸ் ஹவ் ஸ்ட்ராங் தட் வர்ட் இஸ்' என்பது போதும். அதன் பிறகு, அவரிடம் அல்லாமல், நம்பிக்கைக்குரிய வேறொருவரிடம் தனியாக அந்தச் சொல்லின் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புண்பட்டவரிடமே பாடம் கேட்பது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.